பப்பேன் பானையும் காற்றுத் தொட்டியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரின் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. பேரனை முன்னால் நிற்க வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை, நல்ல வேலைக்காரர். டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்த கம்ப்ரஸர் திடீரென்று "புஸ்ஸ்..." என்று சீறியது. பேரன் பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லடா கண்ணா, காத்து ஜாஸ்தியாச்சுன்னா அது சத்தம் போடும்" என்றார் தம்பி. பிறகு என்னைப் பார்த்து, "ரொம்பத் தொந்தரவு ஐயா இது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் சீறுது. காத்தும் வீணாப் போவுது, கரண்டு பில்லும் ஏறுது. ஒரு டம்மி பிளக் போட்டு அடைச்சிடலாம்னு இருக்கேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாம் தம்பி, அடைக்காதீங்க" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் நிமிர்ந்து பார்த்தார். டயர் கடையில் நின்று எழுபது வயதுக் கிழவன் ஏன் இப்படிப் பதறுகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அன்று பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு "மர்மித் து பப்பேன்" என்ற பெயர் மறந்திருக்காது. பப்பேன் என்பவரின் பானை. பௌதிகப் பாடப் புத்தகத்தில் கனமான ஒரு பாத்திரத்தின் படம் இருக்கும். மேலே மூடி, மூடியை அழுத்தும் திருகு, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோல், கோலின் முனையில் ஒரு எடைக்கல். ஆசிரியர் அந்தக் கோலைக் குச்சியால் தட்டி, "சூப்பாப் து சுய்ர்த்தே" என்பார். ஆங்கிலத்தில் சேஃப்டி வால்வு. சூப்பாப், சூப்பாப் என்று நாங்கள் பின் பெஞ்சில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தேர்வில் படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண். அதற்கு மேல் அந்த எடைக்கல்லைப் பற்றி நினைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

தெனி பப்பேன் 1647இல் பிரான்சில் ப்ளுவா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். படித்தது வைத்தியம். ஆனால் மனம் போனது காற்றின் பக்கம். பாரிசில் ஹைகன்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் உதவியாளராக இருந்து, காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் சோதனைகளைச் செய்தார். பிறகு லண்டன் போய் ராபர்ட் பாயிலிடம் சேர்ந்து காற்றுப் பம்புகள் கட்டினார். காற்றை அமுக்கினால் இடம் சுருங்கும், அழுத்தம் கூடும் என்று நமக்கெல்லாம் பள்ளியில் சொன்னார்களே, அதே பாயில்தான். ஆக, பப்பேன் முதலில் கற்றுக்கொண்டது காற்றை. நீராவி பிறகு வந்தது.

1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் பானையைக் காட்டினார். மூடியை இறுக்கி மூடி நீரைக் கொதிக்க வைத்தால் ஆவி வெளியே போகாது, அழுத்தம் ஏறும், நீர் நூறு டிகிரிக்கு மேல் சூடாகும், எலும்புகூட மெதுவாகிவிடும். ஏழைகளுக்கு எலும்பிலிருந்து சத்துள்ள உணவு கிடைக்கும் என்பது அவர் எண்ணம். 1681இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் சிலருக்கு அந்தப் பானையில் சமைத்த விருந்தே நடந்தது. அந்த விருந்தில் சாப்பிட்ட ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் புறாக்கறியை மிகவும் மெச்சி எழுதி வைத்திருக்கிறார். நம் வீட்டு குக்கருக்கு மூதாதை அந்தப் பானைதான். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அந்த ஆள் விசில் எண்ணுவாரா?" என்று கேட்டாள்.

ஆவியை அடைத்தால் பானை வெடிக்கும் என்பதைப் பப்பேன் நன்றாக அறிந்திருந்தார். அதற்கு அவர் கண்ட வழிதான் அந்தக் கோலும் எடைக்கல்லும். மூடியில் ஒரு சிறிய துளை. துளையை மூடிக்கொண்டு ஒரு தக்கை. தக்கையின் மேல் ஒரு கோல் படுத்திருக்கிறது. கோலின் ஒரு முனை அசையாமல் மாட்டப்பட்டிருக்க, மறுமுனையில் எடை தொங்குகிறது. முன்பெல்லாம் கடைவீதியில் பஞ்சும் புளியும் நிறுக்க ஒற்றைத் தட்டுத் தூக்குக்கோல் வைத்திருப்பார்களே, அதே கணக்கு. துளை ஒரு சதுர சென்டிமீட்டர், பானை தாங்கும் அழுத்தம் ஏழு கிலோ என்று வைத்துக்கொள்வோம். தக்கையை ஏழு கிலோ பாரம் அழுத்த வேண்டும். கோலின் நீளத்தை ஏழுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் ஒரு கிலோ கல்லே அந்த வேலையைச் செய்துவிடும். உள்ளே ஏழுக்கு மேல் ஏறினால் தக்கை தானாகத் தூக்கும், ஆவி வெளியேறும், அழுத்தம் இறங்கியதும் திரும்ப உட்காரும். மனிதன் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. எளிய சாமான்தான்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பப்பேன் புராட்டஸ்டன்ட். 1685இல் பதினான்காம் லூயி நாந்த் சாசனத்தை ரத்து செய்தபின் அவரால் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. ஜெர்மனியில் மார்பர்க் நகரில் பேராசிரியராக இருந்தார். 1690இல் ஆவியால் பிஸ்டனை நகர்த்தும் யோசனையை எழுதினார். 1707இல் தான் கட்டிய படகில் லண்டன் போகப் புறப்பட்டபோது, வழியில் ஆற்றுப் படகோட்டிகள் தங்கள் உரிமை போய்விடும் என்று அந்தப் படகை உடைத்துப்போட்டார்கள். லண்டனில் வறுமையில் 1713இல் இறந்தார். இன்று ப்ளுவாவில் அவருக்குச் சிலை இருக்கிறது, பெரிய படிக்கட்டு ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அந்த ஊரில் அவருக்கு இடமில்லை.

வால்வு பிறந்த கதை இது. அதைக் கட்டிப்போட்ட கதைகள் இதைவிட நீளம்.

1803இல் லண்டனுக்குப் பக்கத்தில் கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக் அமைத்த உயர் அழுத்த எஞ்சின் ஒன்று, கட்டட அஸ்திவாரத்திலிருந்து நீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறுவன். அஸ்திவாரக் குழித் தண்ணீரில் விலாங்கு மீன் தென்பட்டது என்று, வேறொரு கூலியாளிடம் எஞ்சினை விட்டுவிட்டு அவன் மீன் பிடிக்கப் போய்விட்டான். வால்வின் கோல் தூக்காதபடி ஒரு ஸ்பேனர் மாட்டப்பட்டிருந்தது. எஞ்சின் வேகமாக ஓடுவதைப் பார்த்த கூலியாள் பயந்து அதை நிறுத்தினார். ஸ்பேனரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? எஞ்சின் நின்றதால் ஆவிக்குச் செலவில்லை. கொஞ்ச நேரத்தில் கொதிகலன் வெடித்தது. மூன்று பேர் அங்கேயே மாண்டார்கள், நான்காவது ஆள் பிறகு இறந்தார். அதன்பின் டிரெவிதிக் தன் கொதிகலன்களில் இரண்டு வால்வு வைத்தார். தண்ணீர் குறைந்து சூடு மிஞ்சினால் உருகி வழிவிடும் ஈய அடைப்பு ஒன்றும் வைத்தார்.

1831இல் அமெரிக்காவில் "பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்" என்ற ரயில் எஞ்சின் வெடித்தது. கரி அள்ளிப் போடும் ஆளுக்கு வால்வின் சீறல் எரிச்சலாக இருந்ததாம், அதை அழுத்தி அடக்கிவிட்டார் என்பது வரலாறு. அவர் ஒரு அடிமை. உயிர் போய்விட்டது, பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த இரண்டு கதையிலும் நான் கவனிப்பது ஒன்றுதான். வால்வு பழுதாகவில்லை. அது தன் வேலையைச் செய்தது. அந்த வேலை மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சட்டத்தில் பிடித்துக் கட்டப் பார்த்தார்கள். 1823 அக்டோபர் 29ஆம் தேதி அரசாணை, உயர் அழுத்தக் கொதிகலனுக்கு இரண்டு வால்வு இருக்க வேண்டும், அதில் ஒன்று தொழிலாளியின் கை எட்டாதபடி பூட்டு போட்டு இருக்க வேண்டும் என்றது. இன்ன சூட்டில் உருகும் உலோகத் தகடுகளும் கட்டாயம். எந்தச் சூட்டில் எவ்வளவு அழுத்தம் என்று சரியாகத் தெரியாமல் இந்தச் சட்டத்தை நடத்த முடியாதே. அதற்காக அரகோவும் துய்லோனும் பாரிசில் ஒரு பழைய கோபுரத்துக்குள் உயரமான கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஏற்றி, இருபத்துநான்கு வளிமண்டல அழுத்தம் வரை அளந்தார்கள். பக்கத்தில் கொதிகலன் எந்நேரமும் வெடிக்கலாம் என்ற நிலையில் நின்று அளந்த அளவு அது. 1849இல் யூஜேன் பூர்தோன் வளைந்த குழாய் வைத்த மானோமீட்டரைக் கண்டுபிடித்தார். இன்று பஞ்சர் கடையில் முள் ஆடுகிறதே ஒரு வட்டக் கடிகாரம், அது அவர் பிள்ளை. பூட்டு போடுகிற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மனிதனை நம்பாத சட்டம் என்று சிலர் குறை சொல்லலாம். அந்த மீன் பிடிக்கப் போன சிறுவனை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் பக்கத்திலும் சட்டம் இப்படித்தான் வந்தது, அதாவது சாவுக்குப் பிறகு. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தார்கள். 1864இல் வங்காளத்தில் கொதிகலன் சட்டம் வந்தது. பிறகு மாகாணத்துக்கு ஒரு சட்டம். கடைசியில் 1923இல் இந்தியக் கொதிகலன் சட்டம். ஆனால் அது நீராவிக்கு மட்டும். காற்றைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

காற்றைப் பார்த்து யாரும் பயப்படவில்லை என்பதுதான் விஷயம். அமுக்கிய காற்று தொழிலுக்கு வந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த ஃபிரேஜ்யூஸ் சுரங்க வேலையில் 1861இலிருந்து சொமையே என்ற பொறியாளர் காற்றால் ஓடும் துளைக்கருவிகளைப் பயன்படுத்தினார். மலை ஓடையின் நீர் விழுகிற வேகத்தால் வெளியே காற்றை அமுக்கி, குழாயில் சுரங்கத்துக்குள் அனுப்பினார்கள். கருவியும் ஓடியது, அதிலிருந்து வெளியேறிய காற்றை உள்ளிருந்தவர்கள் சுவாசிக்கவும் முடிந்தது. 1871இல் சுரங்கம் திறந்தபோது சொமையே உயிரோடு இல்லை, இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தார். பாரிசில் தபாலே குழாய்க் காற்றில் போனது, 1984 வரைக்கும்! தெருக் கடிகாரங்களையும் காற்றால் ஓட்டினார்கள். 1910 ஜனவரி வெள்ளத்தில் காற்று நிலையத்துக்குள் நீர் புகுந்தபோது, இரவு பதினொன்றுக்குச் சற்று முன் நகரத்தின் அந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. நாந்த் நகரில் மெக்கார்ஸ்கி என்பவர் காற்று டிராம் ஓட்டினார். முப்பது வளிமண்டல அழுத்தக் காற்றைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு 1879 முதல் 1917 வரை ஊருக்குள் அது போய்வந்தது.

நீராவிக்குச் சூடு உண்டு, புகை உண்டு, நெருப்பு உண்டு. பார்த்தாலே ஒதுங்கி நிற்போம். நம் மில்களின் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொதிகலன் அறைப் பக்கம் எங்களை விடவே மாட்டார்கள். காற்றுத் தொட்டியோ நீல வர்ணம் அடித்துக்கொண்டு மூலையில் சும்மா நிற்கும். தொட்டால் சுடாது. அதன் மேல் சட்டை காயப் போட்டிருப்பார்கள், சாப்பாட்டுத் தூக்கை வைத்திருப்பார்கள். கணக்கைப் பாருங்கள்: ஐம்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தொட்டியின் ஒரு பக்க மூடி சுமார் 1,960 சதுர சென்டிமீட்டர். ஏழு கிலோ அழுத்தத்தில் அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் பாரம் பதின்மூன்று டன்னுக்கு மேல். ஒரு பெரிய லாரி பாரத்தை அந்த வெல்டிங் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் தொட்டியைச் சோதிக்கிறவர்கள் அதில் காற்றடித்துப் பார்ப்பதில்லை, தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்ப்பார்கள். தண்ணீர் நிறைந்த தொட்டி கிழிந்தால் கொஞ்சம் பீச்சி அடித்து நின்றுவிடும். காற்று நிறைந்த தொட்டி கிழிந்தால் அமுங்கிக் கிடந்த காற்று முழுவதும் ஒரு நொடியில் விரியப் பார்க்கும், தகடு பறக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. நம் கடற்கரை ஊரின் காற்றில் ஈரம் அதிகம். அமுக்கும்போது அந்த ஈரம் நீராக மாறித் தொட்டியின் அடியில் தேங்கும். அடியிலுள்ள குழாயைத் தினமும் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் துரு பிடித்து, வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே தகடு தேயும். தேய்ந்த தொட்டியை வால்வும் காப்பாற்றாது, ஏனென்றால் வால்வு அறிந்தது அதில் பொறித்த அழுத்தத்தை மட்டுமே.

வால்வைப் பற்றி மூன்று விஷயம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு மனப்பாடம். தொட்டிக்கு நிர்ணயித்த அழுத்தத்துக்கு மேல் வால்வைத் திருகி வைக்கக் கூடாது. கம்ப்ரஸர் அடிக்கிற காற்று முழுவதையும் வெளியே விடும் அளவு அதன் வாய் இருக்க வேண்டும், சின்ன வாய் போதாது. தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவில் மூடுகுழாய் எதுவும் இருக்கவே கூடாது. இப்போது வரும் வால்வுகளில் எடைக்கல் கிடையாது, ஸ்பிரிங். மேலே ஒரு வளையம் இருக்கும், அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்காமல் விட்டால் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் காற்றைக் கவனிக்க வெகு காலம் ஆனது. பிரிட்டனில் 1937 தொழிற்சாலைச் சட்டத்தில் காற்றுத் தொட்டிக்குத் தனிப் பிரிவு வந்தது. பிரான்சில் நீராவிக்கு 1926 ஏப்ரல் 2 ஆணை, வாயுத் தொட்டிகளுக்கு 1943 ஜனவரி 18 ஆணை. இந்த இரண்டாவது போர்க்காலத்தில் விஷி அரசு போட்டது. நம் ஊர் அப்போது தெ கோல் பக்கம் நின்றது என்பது வேறு கதை, அதைத் தனியாக எழுத வேண்டும். இந்தியாவில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. வெளிக்காற்றை விட அதிக அழுத்தத்தில் வேலை செய்யும் எந்தச் சாதனமும் பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாதபடி தக்க ஏற்பாடு வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. அதன் விதிகளின்படி தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியை வெளியே பார்த்து அறிக்கை தர வேண்டியிருந்தது. இணைப்புக்குப் பிறகு 1960களில் இந்தியச் சட்டங்கள் நம் பிரதேசத்துக்கும் வந்தன. நான் 1972இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அந்த மாதிரி அறிக்கைகள் வந்து சேருகிற ஒரு மேசை பிற்பாடு என்னுடையதாயிற்று.

1983 ஆகஸ்ட் 3, புதன்கிழமை. பஸ் பாடிக்கு வர்ணம் அடிக்கும் ஒரு பட்டறையின் அறிக்கை தபாலில் வந்தது. காற்றுத் தொட்டியில் சேஃப்டி வால்வு ஒழுகுகிறது, மாற்ற வேண்டும், தொட்டியின் அடித்தகட்டு கனத்தையும் பார்க்க வேண்டும் என்று பொறியாளர் எழுதியிருந்தார். வழக்கப்படி பட்டறை முதலாளிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். டிராஃப்ட் போடுவது என் வேலை.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஆங்கிலம் பிறகு ஒட்டவைத்த பாஷை. பிரெஞ்சில் அலுவலகக் கடிதம் என்றால், "தங்களின் மேலான கருணையை வேண்டும் பெருமை எனக்கு உண்டு" என்று தொடங்கி மூன்று வரி வளைந்து வளைந்து போய்த்தான் விஷயத்துக்கு வரும். அதையே ஆங்கிலத்தில் எழுதினேன். வெள்ளிக்கிழமை சூப்பரின்டென்ட்டிடம் வைத்தேன். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு. "ஏன்யா, வால்வு மாத்தச் சொல்றியா, இல்ல கருணை மனு போடறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை திரும்ப எழுதி வைத்தேன், அதுவும் கோடு வாங்கியது. எனக்கு வெட்கம். ஆங்கிலம் நன்றாக எழுதும் நண்பர் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தார், அவர் அப்போது விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் கேட்டு எழுதலாம் என்று ஃபைலைத் தட்டின் அடியில் வைத்தேன். நடுவில் சுதந்திர தின விடுமுறை. அவர் 17ஆம் தேதி வந்தார். நான்கே வரியில் எழுதிக் கொடுத்தார். 19ஆம் தேதி கையெழுத்தானது. 22ஆம் தேதி, திங்கட்கிழமை, டிஸ்பாட்ச் ஆனது.

18ஆம் தேதி மத்தியானம் அந்தத் தொட்டி வெடித்துவிட்டது. கடிதம் கையெழுத்தான நாளில் எங்களுக்குச் செய்தி வந்து சேரவில்லை. வந்த பிறகு கடிதத்தை நிறுத்த வேண்டும் என்று எனக்கோ மற்றவர்களுக்கோ தோன்றவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது.

விசாரணை அறிக்கையை டைப் அடித்ததும் நான்தான். ஒழுகிய வால்வைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டம்மி பிளக் போட்டிருந்தார்கள். அழுத்தம் ஏறினால் மோட்டார் தானாக நிற்க ஒரு சுவிட்ச் உண்டு, அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அன்று அந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. ஃபோர்மேன் சாப்பிடப் போயிருந்தார், மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டியின் அடித்தகடு துருவில் பாதியாகத் தேய்ந்திருந்தது. பக்கத்தில் பத்தொன்பது வயது ஹெல்பர் பையன் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தொன்பது நாளில் ஒரு கடிதம் போவது எங்கள் அலுவலகத்தில் தாமதமே இல்லை. கடிதம் முன்னாலேயே போயிருந்தால் முதலாளி வால்வை மாற்றியிருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. பொறியாளர் நேரில் சொன்னதையே கேட்காதவர். இதையெல்லாம் எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் அந்த 22ஐ எழுதிய மையின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நஷ்டஈடு மனு விஷயமாக அந்தப் பையனின் அம்மா இரண்டு மூன்று முறை வந்தார். ஒரு நாள் என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "ஐயா, அதுல ஒரு சத்தம் வருமாமே, புஸ்ஸுன்னு. அது வந்திருந்தா எம்புள்ள எந்திரிச்சு ஓடியிருப்பானா?"

அந்தச் சத்தம் வந்திருந்தால் ஓட வேண்டிய தேவையே இருந்திருக்காது என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது? "இருங்கம்மா, அதிகாரி வந்துடுவார்" என்றேன்.

பஞ்சர் கடைத் தம்பியிடம் அன்று இதில் எதையும் சொல்லவில்லை. பட்டறையில் ஒரு விபத்து நடந்தது, அடைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் திரும்பப் போனேன். வால்வின் மேல் என்ன எண் பொறித்திருக்கிறது என்று இருவரும் துணியால் துடைத்துப் பார்த்தோம். எட்டு கிலோ. மானோமீட்டர் முள் ஐந்தைத் தாண்டும்போதே அது சீறியது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது உட்காரும் இடத்தில் குப்பை. "அப்போ இது கெட்டுப்போச்சா ஐயா? நான் டேங்க்ல காத்து ஜாஸ்தின்னு நெனச்சேன்" என்றார். நேரு வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் அதே அளவில் புதியது கிடைத்தது. காசை நான் கொடுக்கப் பார்த்தேன், அவர் வாங்கவில்லை. பதிலுக்கு என் ஸ்கூட்டருக்குக் காற்றடித்த காசையும் வாங்கவில்லை.

தொட்டிக் காற்று முழுவதையும் இறக்கிவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, மோட்டாரை ஓட விட்டார். ஆறரை கிலோவில் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தியது. வால்வு சத்தம் போடவில்லை. வளையத்தை ஒரு முறை இழுத்தார், "புஸ்" என்றது, விட்டதும் அடங்கியது. அடிக்குழாயைத் திறந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். அங்கேயே திறந்தார். அரை வாளி இருக்கும், தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. தகட்டு கனத்தைப் பார்க்க ஆள் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார், இந்த வாரம் நினைவுபடுத்த வேண்டும்.

பேரனுக்கு இதைச் சொன்னதிலிருந்து, அந்த வளையத்தை ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.